மால்ஃபங்ஷன் 54

1986 மார்ச் 21, அமெரிக்காவின் டைலர் நகரம். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கும் பெண், எலக்ட்ரானுக்கு 'ஈ' அடிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்ரேக்கான 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே பார்த்து, மேல் அம்புக்குறியைத் தட்டிப் போய்த் திருத்தினார். பழகிய விரல்களுக்குச் சில நொடி வேலை. சிகிச்சை தொடங்கியதும் இயந்திரம் நின்றது. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது.

202 அலகு கேட்டதற்கு 6 அலகே போயிருக்கிறது என்றும் திரை காட்டியது. குறைந்தால் தொடர வேண்டியதுதானே! தொடர்வதற்கான 'பி'யைத் தட்டினார். தெராக்-25 என்ற அந்தக் கனடிய இயந்திரம் இப்படி நிற்பது புதிதல்ல. சில நாட்களில் 40 தடவைகூட நின்றதாக வேறொரு மருத்துவமனையில் சொன்னார்கள். உள்ளே, முதுகில் சூடான காப்பியைக் கொட்டியதுபோல் துடித்து எழப்போன நோயாளியின் கையில் இரண்டாவது கதிர் பாய்ந்தது. அன்று பார்த்து இன்டர்காம் வேலை செய்யவில்லை. 180 ராட் கதிர்வீச்சு போக வேண்டிய உடம்பில் 16,500க்கு மேல் போயிருந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்தார்.

54 பொய் சொன்னதா?

இல்லை. கதிரின் அளவு கூடியிருக்கலாம் அல்லது குறைந்திருக்கலாம் என்பதே அதன் பொருள். அந்த விளக்கம் இயக்குபவரின் கையேட்டில் இல்லை. அந்த எண்ணை எழுதியவரை வஞ்சகர் என்று சொல்ல முடியாது. தனக்கும் சக பொறியாளருக்கும் குறித்துக்கொண்டார் போலும். ஆனால் வாய்மையை வள்ளுவர் அளப்பது, சொல்லால் தீங்கு விளைகிறதா என்பதைக் கொண்டு. அந்த அளவுகோலில் 54 தேறாது.

அறியாமல் செய்த காரியத்துக்கு மனிதனைக் குற்றம் சொல்லலாமா என்று அரிஸ்டாட்டிலும் கேட்டார். அறியாமைக்குத் தானே காரணமானவனுக்கு, உதாரணமாகக் குடித்துவிட்டுத் தவறு செய்தவனுக்கு, அவர் மன்னிப்புத் தரவில்லை. 'பி'யைத் தட்டிய பெண்ணின் அறியாமையோ வேறு யாரோ உண்டாக்கியது. தெரிந்த ஒரு வாக்கியத்தை எண்ணாகச் சுருக்கியவர்கள் பக்கம்தான் பழி சாய்கிறது.

மூன்று வாரத்தில் அதே இடத்தில் அதே 54, இன்னொரு உயிர். இம்முறை அந்தப் பெண்ணும் மருத்துவமனையின் இயற்பியலாளரும் திரை முன் உட்கார்ந்து, அடித்தும் திருத்தியும் பார்த்தார்கள். வேகமாகத் திருத்தினால் 54 வரும் என்று கண்டுபிடித்தார்கள்.

தயாரிப்பாளர் மருத்துவமனைகளுக்குக் கடிதம் அனுப்பினார்: மேல் அம்புக்குறி விசையின் மூடியைக் கழற்றி, உள்ளே டேப் ஒட்டிவிடுங்கள். எதற்காக, என்ன ஆபத்து என்று அதிலும் இல்லை. அந்த அறிவிப்பு போதாது என்றது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்.