யாருடைய கொசு?

கலப்படச் சரக்கு விற்றவனைக் குற்றவாளி என்கிறோம். வாளித் தண்ணீரை வாரக்கணக்கில் தேங்க விட்டவனை அப்படிச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. இடையில் ஒரு கொசு பறந்து விடுகிறதல்லவா!

சிங்கப்பூரில் 2020இல் 35,000க்கு மேற்பட்டோரை டெங்கிக் காய்ச்சல் பிடித்தது. 2022இல் மீண்டும் 32,000க்கு மேல். சாக்கடையைக் காட்டி நாம் தப்பவும் முடியாது. ஏடிஸ் கொசு தெளிந்து நிற்கும் தண்ணீரையே நாடுகிறது. சுமார் ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிறது. கடிப்பதும் பெரும்பாலும் பகலில், அதாவது நம் கடைகள் திறந்திருக்கும் வேளையில்! கித்தங்கியோரத்து வாளியும் தார்ப்பாய் மடிப்பும் அதற்குப் போதும்.

"கடித்தது என் கடைக் கொசுதானென்று எவர் நிரூபிப்பார்?" என்பர் சிலர். வியாபாரிகள் கேட்கத் தகாத கேள்வி இது. குறைந்த படிக்கல்லால் நூறு பேருக்கு நிறுத்தவன், எவருக்கு எவ்வளவு குறைந்ததென்று தெரியாததால் நிரபராதியாவானா? அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. சட்டமும் நோயாளியைத் தேடுவதில்லை. கொசுப்புழுவைக் கண்டாலே அபராதம்.

"எல்லாம் நஸீபு" என்பாரும் உளர். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

கடையிலே புழு அகப்பட்டு, அங்கு வேலை பார்க்கும் பையனும் காய்ச்சலில் கிடந்தால்? மருத்துவ விடுப்பு தீர்ந்த பின்னும் அவன் எழும் வரை முதலாளி சம்பளம் கொடுப்பதே நியாயமென்பது என் எண்ணம். அதைக் கணக்கில் ஸதக்கா என்று எழுதலாகாது. கடன் பக்கத்தில் எழுத வேண்டும்.