சொன்னது ஒன்று, பில்லில் வந்தது ஒன்று



வியாபாரத்தில் பொய் கூடாது என்றால் நம்மில் யாரும் மறுக்க மாட்டோம். ஆனால், "நான் பொய் சொல்லவில்லை, ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்" என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது? சில வாரங்களுக்கு முன் நம் மஹல்லாவின் இளைஞர் ஒருவர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தார். அதற்கு முன் என் போன் பில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான்.

என்னுடையது போஸ்ட்பெய்டு இணைப்பு. ஒருநாள் அஸர் பாங்குக்குச் சற்று முன் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். பழைய பிளான் நிற்கப் போகிறது, புதிய பிளானில் புதுப்பித்துக்கொண்டால் மாதம் 399 ரூபாய்தான், வீட்டாருக்கு ஒரு கூடுதல் சிம் இலவசம் என்றார் பேசியவர். "வேறு எதுவும் சேர்ந்து வராதே?" என்று இரண்டு முறை கேட்டேன். "வரி மட்டும்தான் சார்" என்றார். ஒரு மெசேஜ் வந்தது. சம்மதம் என்று பதில் அனுப்பினேன். அதிலிருந்த லிங்கைத் திறந்து பார்க்கவில்லை. பாங்கு நேரம்.

முதல் மாதம் வரியோடு 471 ரூபாய். இரண்டாம் மாதம் 648. போன் செய்து கேட்டேன். கூடுதல் சிம் முதல் மாதம் மட்டுமே இலவசமாம், அதன் பிறகு அதற்கு 150 ரூபாயும் வரியும். என்னிடம் இப்படிச் சொல்லவில்லையே என்றேன். "விதிமுறைகளில் இருக்கிறதே சார்" என்று பதில் வந்தது. 177 ரூபாயில் நான் ஏழையாகிவிடப் போவதில்லை. ஆனால் இரண்டு முறை கேட்டேனே, அதுதான் உறுத்தியது.

இதை இஷாவுக்குப் பின் சிலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்று கேட்ட தம்பி ஒருவர், எல்லோரும் போன பிறகு அருகில் வந்தார். கால் சென்டரில் இதே வேலைதான் அவருக்கு. "ஹஜ்ரத், நான் பொய் சொல்வதில்லை. சிம் இலவசம் என்பது உண்மை. முதல் மாதம் மட்டும் என்பதைச் சொல்ல மாட்டேன். அதுதான் மெசேஜில் போகிறதே, அவர்கள் படிக்கலாமே. என் சம்பளம் ஹலால்தானே?" என்றார்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. விரல்கள் ஈரமாயின. காரணம் கேட்டபோது மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸை எத்தனையோ முறை கேட்டிருப்போம். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொன்னதாக ஹதீஸில் இல்லை. மேலே இருந்த காய்ந்த தானியமும் உண்மையான தானியம்தான். ஈரத்தை அவர் பூட்டி வைக்கவும் இல்லை. யார் வேண்டுமானாலும் கையை விட்டுப் பார்த்திருக்கலாம். "படித்துப் பார்த்திருக்கலாமே" என்கிறார்களே, அந்தச் சமாதானம் அன்று அவருக்கும் இருந்தது. அது எடுபடவில்லை. குறையை மேலே கொண்டுவருவது விற்பவரின் கடமை என்றாகிவிட்டது. விதிமுறையின் பதினேழாம் வரி, குவியலின் அடியில் இருக்கும் ஈரம்தானே?

பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி ஆட்டை விற்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். அங்கே ஒரு சொல்கூட இல்லை, மடி மட்டுமே பேசுகிறது. வாங்கியவர் மூன்று நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரலாம், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் தர வேண்டும் என்பது ஹதீஸ். ஷாஃபிஈ மத்ஹபில் இதுவே சட்டம். திருப்பிக் கொடுப்பதில் ஹனஃபி அறிஞர்களுக்கு வேறு விளக்கம் உண்டு. ஆனால் அந்தச் செயல் ஹராம் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "வாக்குறுதியை நிறைவேற்றுவது நல்லதுதான், சட்டப்படி கட்டாயமில்லை என்று பல இமாம்கள் சொல்லியிருக்கிறார்களே" என்று ஓதியவர்கள் கேட்கலாம். சரிதான். தனியாகக் கொடுக்கும் வஅதைப் பற்றிய பேச்சு அது. அதிலும் கூட, அந்த வாக்கை நம்பி ஒருவர் செலவில் இறங்கிவிட்டால் கட்டாயமாகும் என்பது மாலிகி மத்ஹபின் பிரபலமான சொல். நம் விஷயம் வஅதே அல்ல. ஒப்பந்தம் பேசும்போதே பொருளுக்குச் சொல்லப்பட்ட தன்மை இது. கறவை மாடு என்று சொல்லி விற்ற மாடு கறக்கவில்லை என்றால், வாங்கியவருக்கு ரத்து செய்யும் உரிமை உண்டு. "வாயால்தானே சொன்னேன்" என்று விற்றவர் தப்ப முடியாது. ஃபிக்ஹில் வாய்ச்சொல்தான் ஒப்பந்தத்தின் அசல். எழுத்து அதற்குச் சாட்சி. சாட்சியை வைத்து அசலை விழுங்குவது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு.

நாட்டின் சட்டமும் வாய்ச்சொல்லை ஒதுக்கிவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எது நேர்மையற்ற வணிக முறை என்று வரையறுக்கும்போது, எழுத்தில் சொன்னதோடு வாயால் சொன்னதையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. இப்படி ஏமாந்தவர்கள் முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. கூச்சப்படாதீர்கள். உரிமையைக் கேட்பது தவக்குலுக்கு எதிரானதல்ல.

இனி நம் பக்கம். குர்ஆனிலேயே நீளமான வசனம், பகராவின் 282ஆவது வசனம், எதைப் பற்றியது? தவணை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்வதைப் பற்றியது. சிறிய தொகையானாலும் எழுதச் சலிப்படையாதீர்கள் என்ற கருத்தும் அதில் இருக்கிறது. அதற்கு எத்தனையோ முறை தஃப்ஸீர் சொன்ன நான், பாங்கு நேரம் என்று லிங்கைத் திறக்காமல் விட்டேன். "சொன்னதை எழுத்தில் அனுப்புங்கள், நாளை பதில் சொல்கிறேன்" என்றிருந்தால் முடிந்திருக்கும்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கசக்கும். 1900க்கு போர்ட் மெசேஜ் அனுப்பினால் கம்பெனியே பயந்து சலுகை தரும் என்று ஒரு வித்தை நம்மிடையே ஓடுகிறது. உண்மையிலேயே மாறத் தயாராக இருந்து அனுப்பினால் குற்றமில்லை. ஆனால் அழைத்துக் கேட்பவரிடம், "அந்தக் கம்பெனி எனக்கு 200 ரூபாய்க்குத் தருகிறது" என்று இல்லாத விலையைச் சொல்வது பொய். ஒரு தாய் தன் சிறு பிள்ளையை ஏதோ தருவதாகச் சொல்லி அழைத்தார். என்ன தரப் போகிறீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் தராமல் இருந்திருந்தால் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். அபூதாவூதில் வரும் ஹதீஸ் இது. பிள்ளையைக் கூப்பிடும் சொல்லுக்கே கணக்கு உண்டென்றால், கஸ்டமர் கேரிடம் சொல்வதற்கு இல்லாமல் போகுமா? எதிரில் இருப்பது கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறோம். போனை எடுப்பது மனிதன்.

அந்தத் தம்பியிடம் உங்கள் சம்பளம் ஹராம் என்று நான் சொல்லவில்லை. வேலை ஆகுமான வேலைதான். ஆனால் மறைத்து முடித்த ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக இன்சென்டிவ் வருகிறதே, அதை யோசியுங்கள் என்றேன். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வியாபாரக் கூட்டாளி, குறையுள்ள துணியை அந்தக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் முழுத் தொகையையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் படிக்கிறோம். அங்கே நடந்தது மறதி. இங்கே மறதியும் இல்லை. முடிந்தால் அந்த இன்சென்டிவைச் சதகாவாகக் கொடுத்துவிடுங்கள், இனி "முதல் மாதம் மட்டும்" என்ற சொற்களைச் சேர்த்துப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

சென்ற வெள்ளி மறுபடி வந்தார். அந்தச் சொற்களைச் சேர்த்ததிலிருந்து பாதிப் பேர் வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்களாம். இந்த மாத டார்கெட் எட்டவில்லை. டீம் லீடர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "வேறு எங்காவது வேலை இருந்தால் சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்றார். நன்றாகப் பேசக்கூடியவர், கணக்கும் தெரியும். கடையோ கம்பெனியோ வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் அல்லவா? மஃரிபுக்குப் பின் நான் பள்ளியில்தான் இருப்பேன். வந்து பாருங்கள்.