சரக்கறையில் இல்லாதவர்கள்

கடல் வாணிபத்தை உள்ளங்கைக்குள் அடக்கித் தருகிற விளையாட்டொன்று என் அக்காவின் மகனிடம் இருக்கிறது. பெயர் 'சிட் மையரின் பைரேற்ஸ்'. 1987இல் கணினிக்காக வெளிவந்து, 2004இல் புதுப்பிக்கப்பட்டு, 2007இல் பிளேஸ்ரேசன் போர்ட்டபிள் என்ற கைக்கருவிக்கும் வந்தது. களம் 17ஆம் நூற்றாண்டின் கரிபியன் கடல். சரக்கறையில் உணவு, சர்க்கரை, வாசனைத் திரவியம், ஆடம்பரப் பொருட்கள், பொதுச் சரக்கு, பீரங்கி ஆகியவற்றை ஏற்றலாம். ஒரு துறைமுகத்தில் மலிவாக வாங்கி மறு துறைமுகத்தில் கூடிய விலைக்கு விற்கலாம். கொள்ளையும் அடிக்கலாம்.

மனிதரை மட்டும் ஏற்ற முடியாது. ஆனால் அக்கடலில் சர்க்கரையை விளைவித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆபிரிக்காவிலிருந்து சரக்காகவே கொண்டுவரப்பட்டவர்கள். விளையாட்டில் சர்க்கரை இருக்கிறது. கரும்பை வெட்டிய கை இல்லை.

இது நேர்மையா? அடிமை வியாபாரத்தைப் பொழுதுபோக்காக்காமல் விட்டது நாகரிகம் என்று ஒருவர் சொல்லலாம். ஒரு பிள்ளை மனிதரை வாங்கி விற்று இலாபம் பார்ப்பதை யார்தான் விரும்புவார்? சேர்த்தால் அருவருப்பு, விட்டால் பொய். சதுரங்கத்திலும் விதவைகள் இல்லையே என்றும் கேட்கலாம். ஆனால் சதுரங்கத்துக்கு ஊர்ப் பெயர்கள் இல்லை. இந்த விளையாட்டிலோ மார்த்தினிக் என்ற தீவு இருக்கிறது.

அந்தத் தீவில் எமக்கும் ஒரு கணக்குண்டு. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1853இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 'ஒறேலி' என்ற கப்பல் தமிழ்க் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப்பிலும் இறக்கினார்கள்.

பிறகு எமது காலம். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாண்ட் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். 2010இல் 'சன் சீ' கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தனர். அடிமைகளின் துயரோடு இதை ஒப்பிடுவது தகாது; அவர்களை விற்றார்கள், எம்மவர்கள் தாமே பணம் கட்டி ஏறினார்கள். எனினும் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இரு கப்பல்களும் ஓர் எண்ணாகவும் ஒரு செலவாகவுமே முதலில் தெரிந்தன.

நான் வேலை செய்யும் உணவகத்தின் களஞ்சிய அறையில் சர்க்கரை மூட்டைகளை எண்ணி எழுதுவது என் பொறுப்பு. மூட்டையில் நிறை இருக்கும், திகதி இருக்கும். கணக்கு எழுதுகிறவன் அதற்கு மேல் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதால்தான் கணக்கு சுத்தமாக இருக்கிறது. விளையாட்டின் சுத்தமும் அத்தகையதே.

விளையாட்டைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மார்த்தினிக்கில் சர்க்கரை ஏற்றும்போது, இதை வெட்டியது யார் என்று பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டாற் போதும். அவனுக்குத் தெரியாது, சொல்ல வேண்டியவர்கள் நாம். இந்த நாட்டுக் கரைக்கு இனியும் கப்பல்கள் வரும். அன்று கரையில் நின்று எண்ணுகிறவர்களில் எமது பிள்ளைகளும் இருப்பார்கள்.