தொலைவும் உறவும்

பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் வாழும் நம் உள்ளத்தில் ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. கண்ணால் காணாமல் ஆண்டுகள் பல கழிந்தபின் உறவு உண்மையிலேயே எஞ்சியிருக்கிறதா, பெயரளவில்தான் நிற்கிறதா?

குளிர்கால இரவில், ஓரியன் என்னும் வேட்டுவ மீன்குழுவுக்கு மேற்கே மங்கலாகத் தோன்றுவது 40 எரிடானி என்னும் விண்மீன். நமக்கு 16 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதற்குத் துணைமீன்கள் உண்டென 1783-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். துணை இரண்டு, ஒன்று சிறிய செம்மீன், மற்றொன்று வெண்குறுமீன். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைப்போல் சுமார் 400 மடங்கு விலகி நின்று, தலைமீனோடு ஒரு சுற்று முடிக்க இவை ஏறத்தாழ 8000 ஆண்டுகள் கொள்கின்றன. ஹெர்ஷல் கண்ட நாள்தொட்டு இன்றுவரை கடந்த வழி நூற்றில் மூன்று பங்கே! ஓர் ஆயுட்காலம் மட்டும் பார்ப்பவன், இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றே சாதிப்பான்.

இத்துணை மங்கிய மீன் வெண்ணிற வெப்பம் உடையதென 1910-இல் ஹார்வர்டில் வில்லியமினா ஃப்ளெமிங் நிறமாலை கொண்டு காட்டியபோது அறிஞர்கள் திகைத்தனர். வெண்குறுமீனின் நிறை சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்படாது எனப் பின்னாளில் கணித்த சந்திரசேகரும் அதே 1910-இல், தந்தையார் அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றிய லாகூரில் பிறந்தவர். வடக்கே உத்தியோகம் பார்க்கும் நமக்கு இதில் சிறு பெருமை, அது நிற்க.

இவ்வெண்குறுமீனே ஒரு காலத்தில் மூன்றிலும் பெரியது. பெரியதாகையால் விரைந்து எரிந்தது. தன் பொருளில் பெரும்பகுதியை வெளியில் வாரி இறைத்துவிட்டுப் பூமியளவே ஆன கனலாய்ச் சுருங்கியது. நிறை குறையக் குறைய ஈர்ப்பும் தளர்ந்தது, இடைவெளி அகன்றது. ஆயினும் பிணைப்பு அறவில்லை.

காணி விற்று நம்மைப் பி.ஏ. வரை படிக்கவைத்தவர்களை இங்கு நினையாதிருக்க இயலவில்லை. படித்ததனாலேயே நாம் விலகி வந்தோம். மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். கடன் தீர்ந்ததென்று நிம்மதியும் கொள்கிறோம்.

ஆனால் ஒப்புமையில் ஒரு குறை உண்டு. விண்மீனுக்கு விட்டுப்போகும் உரிமை இல்லை, நமக்கு இருக்கிறது. ஆகவே அதன் ஈர்ப்பைக் காட்டி நம் உறவுக்குச் சான்று தேடுவது முறையாகாது. சொந்த ஊர் செல்லும் பயணச் சலுகையை இம்முறையும் காலாவதியாக விட்டோம். நிரப்பாத விண்ணப்பப் படிவம் அலுவலக மேசையில்தான் கிடக்கிறது.