தடையை எடுத்தாச்சு, பந்து எங்கே?

1993 கோடையில் என் தங்கச்சி கையிலிருந்த கால்பந்தைப் பிடுங்கிக் கிணற்றில் வீசினேன். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணலின் நூற்றாண்டு முடிந்து ஊருக்கு ஊர் படிப்பு வட்டம் நடந்த நேரம். 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் மனுஸ்மிருதியை ஏன் கொளுத்தினார்கள் என்று அதற்கு முந்தின வாரம்தான் காலனிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்திருந்தேன். வகுப்பெடுத்த அதே வாய்தான், "பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் சரிப்படாது, வூட்டுக்கு நட" என்றது.

எங்கள் காலனி ஏனாத்தூர்ப் பக்கம். காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோபுரமும் பட்டும். எங்களுக்குத் தறிக்குழி. கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்கு நாடா தள்ள நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் ஒரு குழந்தை. முன்பணம் வாங்கிக்கொண்டு பெற்றவர்களே கொண்டுபோய் விடுவார்கள். என் தங்கச்சியை எட்டாவதோடு நிறுத்தி அப்படித்தான் விட்டோம். அந்த முன்பணத்தில் ஒரு பங்கு என் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் இந்தக் கட்டுரை பொய்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது பிடி டீச்சர் ஒருவர் அவளுக்குத் தோல் பிய்ந்த பந்து ஒன்றைக் கொடுத்திருந்தார். அமாவாசைக்குத் தறி லீவு. அன்றைக்குக் காலனிப் பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, வறண்டு கிடக்கும் ஏரி உள்வாயில் ஆடுவாள். கரைமேல் ஊர்ப் பசங்க நின்று விசில் அடித்தார்கள். "இதுங்களுக்குப் பந்து ஒரு கேடா" என்று ஒருத்தன் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அவனை அடிக்க எனக்குத் தைரியமில்லை. அடித்தால் இராத்திரி காலனி எரியும். அதனால் தங்கச்சியை அடித்தேன். பாதுகாப்புக்காகத்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரைமேல் நின்றவன் வாயால் சொன்னதை நான் கையால் செய்து முடித்தேன், அவ்வளவுதான்.

இதெல்லாம் எப்போதோ மறந்துபோன கதை என்றுதான் இருந்தேன். 2021 நவம்பர் 25 அன்று பிரேசில் நாட்டின் மனாஸ் நகரத்தில் இந்தியப் பெண்கள் அணி பிரேசில் அணியோடு மோதியது. தங்கச்சி மகள் அந்த ஆட்டத்தைப் போனில் காட்டினாள். இங்கே அடைமழை, ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. முதல் நிமிஷமே பிரேசில் கோல் போட்டது. எட்டாவது நிமிஷத்தில் மனிஷா கல்யாண் திருப்பிப் போட்டார். 1-1. பிள்ளை கத்திய கத்தலில் அக்கம்பக்கம் எழுந்துவிட்டது. முடிவில் 6-1 என்று தோற்றோம். டீக்கடையில் ஒருத்தர், "பொம்பளைங்க ஆட்டம், இவ்ளோதான் வரும்" என்றார். மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இன்னா மாமா, நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பிரேசில் பெண்கள் அணியின் கதையைப் படித்தேன்.

அந்த மனாஸ் ஆட்டம் ஃபோர்மிகா என்ற வீராங்கனைக்குத் தன் நாட்டு அணியில் கடைசி ஆட்டம். கறுப்பினப் பெண். பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரத்துக்காரர். ஃபோர்மிகா என்றால் அவர்கள் மொழியில் எறும்பு. 1995லிருந்து 2019 வரை ஏழு உலகக்கோப்பை, 1996லிருந்து டோக்கியோ வரை ஏழு ஒலிம்பிக் ஆடியவர். அவர் பிறந்தது 1978 மார்ச்சில். அந்த வருஷத்தில் பிரேசிலில் ஒரு பெண் கால்பந்து ஆடுவது சட்டப்படி குற்றம். எந்தக் காரியத்தில் அவர் உலகத்துக்குத் தெரிந்தாரோ, அது தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில்தான் பிறந்தார்.

தடை வந்தது 1941 ஏப்ரல் 14இல், வர்காஸ் ஆட்சியில். பெண்களின் இயல்புக்குப் பொருந்தாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக்கூடாது என்பது அந்த ஆணையின் சாரம். 1965இல் கால்பந்தைப் பேர் சொல்லியே தடுத்தார்கள். 1979இல்தான் விலக்கினார்கள்.

'இயல்பு' என்ற சொல்லை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நமக்கு அது பழகின சொல். அவனவன் குணத்துக்கேற்ற தொழில், பிறவிக்கேற்ற தர்மம் என்று இரண்டாயிரம் வருஷமாகக் கேட்டுவருகிறோம். ஆறு மேட்டில் ஏறக்கூடாது என்று எந்த ராஜாவாவது சட்டம் போட்டிருக்கிறானா? மாடு பறக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலாவது இருக்கிறதா? இயல்பில் முடியாத காரியத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டியதில்லை. சூத்திரன் வேதம் கேட்கக்கூடாது, பறையன் குளத்துத் தண்ணீரை எடுக்கக்கூடாது, பெண் பந்தை உதைக்கக்கூடாது என்று எழுதிவைக்கிறான் என்றால், இவர்களால் முடியும் என்பது எழுதுகிறவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தடை என்பதே திறமைக்கு எதிரி கொடுக்கும் நற்சான்று.

இங்கிலாந்திலும் இதே கதை. 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தை 53,000 பேர் பார்த்தார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள், 1921 டிசம்பர் 5இல், அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல என்றது. என்றதோடு என்ன செய்தது? பெண்களின் காலைக் கட்டவில்லை. தன் கீழுள்ள மைதானங்களை அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்றது. சுமார் 50 வருஷம் அப்படியே ஓடியது. இயல்பு என்று வாயில் பேசுவார்கள், கை மட்டும் நிலத்தில் இருக்கும். சேரிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் என் கேள்வி. ஒரு தடையை விலக்கிவிட்டால் நீதி நடந்ததாக ஆகிவிடுமா?

1979இல் பிரேசிலில் தடை போனது. மைதானம் வந்ததா? பயிற்சியாளர் வந்தாரா? இல்லை. தொடக்க காலத்தில் நாட்டுக்காக ஆடப்போன அந்தப் பெண்கள், ஆண்கள் அணி போட்டுக் கழித்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். உடம்புக்குப் பொருந்தாத தொளதொளச் சட்டை. பண்ணையார் வீட்டுப் பழந்துணியைப் பொங்கலுக்கு வாங்கிக் கட்டிய நம் ஆயாக்களுக்கு அந்தச் சட்டையின் அர்த்தம் தெரியும். நாட்டு அணிக்கு ஆடும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே படி என்று அந்த நாட்டுச் சங்கம் அறிவித்தது 2020 செப்டம்பரில். தடை போய் 41 வருஷம் ஆகியிருந்தது.

அதே பிரேசிலில் 1888 மே 13இல் அடிமைமுறையை ஒழித்தார்கள். அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசியாக ஒழித்த நாடு. ஒழித்த சட்டத்தில் ஒரு காணி நிலம்கூட இல்லை. நேற்றுவரை கரும்பு வெட்டியவன் கையை வீசிக்கொண்டு வெளியே வந்தான், போக இடமில்லாமல் மறுபடி அதே கரும்புக் கொல்லைக்குக் கூலிக்குப் போனான். நமக்கு 1950இல் அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. நிலம் எங்கே? இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் நம் ஜனங்களின் நிலைமையை அறிக்கையாக எழுதி, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. கொடுத்த நிலமும் கைமாறிப்போனது. அதைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 'உனக்குத் தடையில்லை' என்று சொல்வதற்கு யாருக்கும் செலவில்லை. 'எடுத்ததைத் திருப்பிக் கொடு' என்று கேட்டால்தான் குண்டு வருகிறது.

தடை போடாமலும் தடுக்கலாம். நம் நாட்டில் பெண்கள் கால்பந்துக்குச் சட்டத் தடை கிடையாது. 1980இலும் 1983இலும் ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். பிறகு அவர்களை ஆடவைக்கவே ஆளில்லை. 2009இல் நீண்டகாலம் ஆட்டமே ஆடவில்லை என்று உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியாவின் பேரை எடுத்துவிட்டார்கள். இப்படிப் பட்டினி போட்டுவிட்டு 6-1ஐக் காட்டி, "பாத்தியா, இவ்ளோதான்" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் வைத்துவிட்டு, பிறகு மார்க் பத்தவில்லை என்று சொல்வார்களே, அதே கணக்கு.

தோழர் ஒருவர் கேட்டார்: "நிலமில்லை, வேலையில்லை, வாரத்துக்கு ஒரு வன்கொடுமை. இதில் பெண்கள் பந்து விளையாடுவது ஒரு பிரச்சினையா?" இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள முடியாது, நேர்மையான கேள்வி. நான் சொன்ன பதில் இது. நம் உடம்பை அவன் உழைக்கும் உடம்பாக மட்டும்தான் பார்த்தான். கூலிக்கு, தறிக்கு, சாவுக்குப் பறையடிக்க. தனக்காக, சும்மா சந்தோஷத்துக்காக ஓடுகிற உடம்பு நமக்கு உண்டு என்பதை அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. விளையாட நேரம் வேண்டும், இடம் வேண்டும், இது என் உடம்பு என்ற எண்ணம் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வைத்திருப்பதற்குத்தானே அடிமைத்தனம் என்று பேர்? நம் பெண்களுக்கு இந்த மூன்றையும் ஊரும் தரவில்லை, வீட்டுக்குள் நாமும் தரவில்லை.

இன்னொருவர், "திறமை இருந்தால் தானாக மேலே வருவார்கள்" என்றார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடிய வந்தனா கட்டாரியாவை நினைவுபடுத்தினேன். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் அப்படிப் போட்ட முதல் இந்தியப் பெண். ஆகஸ்ட் 4இல் அர்ஜென்டினாப் பெண்களிடம் 2-1 என்று அரையிறுதியில் அணி தோற்றது. ஹரித்வார் பக்கத்தில் ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்க சாதி ஆட்கள் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றது என்று பேசியதாக அந்தக் குடும்பம் புகார் கொடுத்தது. மேலே வந்தால் விட்டுவிடுவார்கள் என்று யார் சொன்னது? ஜெயித்தால் தேசம், தோற்றால் சாதி.

இடமும் பந்தும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகத் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாம் முறை. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது மதுரை சேது அணி. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். 2025 ஜூலை 5இல் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து, தகுதிச்சுற்று வழியாக முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குப் போனது இந்திய அணி. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டது. டீக்கடைக்காரர் சொன்ன அந்த 'இயல்பு' இதில் எங்கே என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. பெண்களைத் தடுத்துவைத்த பிரேசிலில்தான் 2027 பெண்கள் உலகக்கோப்பை என்று 2024 மே மாதம் முடிவானது. நல்லதுதான். ஆனால் 38 வருஷத் தடையில் ஆடாமலே வயசாகிப்போன பெண்களின் கணக்கை எந்தக் கோப்பையில் எழுதுவது?

அந்தக் கணக்கில் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். போன வருஷம் ஒருநாள் தங்கச்சியிடம் போய், "அன்னிக்கி உன்ன அடிச்சது தப்பும்மா" என்றேன். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு போய்விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடிச்சத வுடுண்ணா. அடி ஆறிப்போச்சி. பந்து எங்க?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மன்னிப்பு கேட்பதும் தடையை விலக்குவதும் ஒரே ஜாதிக் காரியம். கொடுக்கிறவனுக்கு மனசு லேசாகும், வாங்குகிறவளுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. நாற்பத்தைந்து வயசு தாண்டியவளுக்கு அந்த அமாவாசைகளை நான் எங்கிருந்து திருப்பிக் கொடுப்பேன்? கொடுக்க முடியாது. கொடுக்க முடியாது என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. அவள் மகளுக்கும், மகளோடு ஆடுகிற காலனிப் பிள்ளைகளுக்கும் அது பாக்கி. ஏரியில் தண்ணீர் நின்றால் அவர்களுக்கு இடமில்லை, தண்ணீர் வற்றினால் ஊர்ப் பசங்க கிரிக்கெட்டுக்கு முந்திக்கொள்கிறார்கள். காலனிக்குப் பக்கத்திலுள்ள புறம்போக்கைப் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாக ஒதுக்கக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து தங்கச்சி போட்டாள். நான் கீழே போட்டேன்.

இதைப் படிக்கிற ஆண் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கிணற்றில் யாருடைய பந்து கிடக்கிறது?