சூடேறிய பின்பா புறப்பாடு?

மார்கழி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் சேவல் கூவுவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. கம்பம், கூடலூர், தேவாரம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களின் தெருமுனைகளில் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குவாளியுடன் நிற்கிறார்கள். மலைக்கு மேலே, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைப் பகுதிகளின் ஏலத்தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு வழியாகவோ, 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலை வழியாகவோ ஏறிச்சென்று, மாலையில் இறங்கி வீடு சேர வேண்டும். ஆதலால் பொழுது புலருமுன்னே புறப்பாடு. புறப்படுவதற்கு முன் ஓட்டுநர் எஞ்சினை இயக்கி, வண்டியை நின்ற இடத்திலேயே 10 நிமிடம், 15 நிமிடம் ஓடவிடுகிறார். வண்டி சூடேற வேண்டுமாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு காலையில், முதல் திருப்பலிக்குச் செல்லும் வழியில், ஒரு வீட்டு வாசலில் உரையாடல் ஒன்றைக் கேட்க நேர்ந்தது.

"ஏப்பா தம்பி, வண்டிய அங்கிட்டுத் தள்ளி நிறுத்தி ஓடவிடக் கூடாதா? உள்ளே பிள்ளைக்கு இழுப்பு. புகை பூராவும் வீட்டுக்குள்ளதான் வருது."

"என்னக்கா செய்யிறது? சூடாகாம எடுத்தா மேட்டுல வண்டி இழுக்காது. செத்த பொறுங்கக்கா."

இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஓட்டுநர் கல்நெஞ்சர் அல்லர். தம் தொழிலில் கற்றதைச் சொன்னார். அவ்வன்னையோ தம் பிள்ளையின் மூச்சுக்காகப் பேசினார். எனினும் அன்று முதல் ஒரு கேள்வி என் உள்ளத்தில் நின்றுவிட்டது. ஒரு நற்செயலுக்குப் புறப்படுமுன் நாம் எவ்வளவு நேரம் நம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளலாம்? அந்தக் காத்திருப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

முதலில் ஓட்டுநரின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். டீசல் எஞ்சினில், பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோலத் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உருளைக்குள் காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அவ்வழுத்தத்தால் எழும் வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் முறை அது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் அதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். குளிர் காலத்தில் உருளையின் சுவர்கள் அவ்வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. எரிபொருள் முழுதும் எரியாமல் வெண்புகையாய் வெளியேறுகிறது. பழைய ஜீப்புகளில் சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் பழுக்கும்வரை ஓட்டுநர் காத்திருப்பது இதனால்தான். மேலும், இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் கெட்டிப்பட்டு அடியில் தங்கியிருக்கும். அது மேலேறி எல்லாப் பாகங்களையும் நனைப்பதற்குள் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். ஆகவே எடுத்த எடுப்பிலேயே விரட்டுவது தவறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் எண்ணெய் பரவுவதற்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ போதும். அதற்கு மேல் நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாததால் அது மிக மெதுவாகவே சூடேறுகிறது. மெல்ல ஓட்டிச் சென்றாலோ விரைவில் சூடேறிவிடுகிறது. இன்னுமொன்று: நிற்கும் வண்டியில் சூடாவது எஞ்சின் மட்டுமே. கியர் பெட்டியும், சக்கரத்தின் பேரிங்குகளும், டயர்களும் ஓடினால்தான் பதப்படும். கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை சாலை பெரும்பாலும் சமவெளியே. அந்தத் தூரத்தை விரட்டாமல் கடந்தால், மலை தொடங்கும் இடத்தில் வண்டி தானாகவே ஏறுவதற்கு ஆயத்தமாகிவிடும்.

எல்லாக் காத்திருப்பும் வீண் என்று கூறவில்லை. ஏர் பிரேக் பொருத்திய பேருந்துகளிலும் லாரிகளிலும் காற்றழுத்தம் போதிய அளவு ஏறும்வரை வண்டியை நகர்த்தலாகாது. "காற்று ஏறணும்" என்று ஓட்டுநர் நிற்பது பிறர் உயிரைக் காப்பதற்கான காத்திருப்பு, அது கடமை. கடமையான காத்திருப்பு வேறு, பழக்கத்தால் நீளும் காத்திருப்பு வேறு. ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையாய் வாழும் கனடாவின் டொராண்டோ நகரில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். அங்கேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை வீணே ஓடவிடுவதற்கு நகராட்சி 1996-ஆம் ஆண்டிலேயே வரம்பு விதித்தது. அவர்கள் குளிரோடு ஒப்பிட்டால் நம் மார்கழிக் குளிர் வெறும் சிலிர்ப்பே!

அவ்வரம்புக்குக் காரணம் புகை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிப்படுத்தியது. அடைத்த கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குகிறவரின் உயிரையே பறித்துவிடும். வண்டி சூடேறுவது ஒருவருக்காக. மூச்சு முட்டுவது மற்றொருவருக்கு. இந்த உலகை நம் பொது இல்லம் என்று 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அழைத்தபோது, இத்தகைய தெருமுனைகளும் அந்த இல்லத்தின் அறைகளே என்பதை நாம் உணர்ந்தோமா?

இதனை எழுதும்போது என் சொந்தத் தவறு ஒன்று கண்முன் வருகிறது. கிணற்றுத் தண்ணீர் முறை பற்றி எனக்கும் என் அண்ணனுக்கும் எழுந்த பேச்சு தடித்து, இரு வீட்டாரும் பேச்சற்றுப் போனோம். "மனம் ஆறட்டும், பிறகு போகலாம்" என்றிருந்தேன். ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றேன். ஒவ்வொரு முறையும் மன்னிக்கும் மனத்தை இறைவன் தரட்டும் என்று உண்மையாகவே மன்றாடினேன். பக்தி குறையவில்லை, அண்ணன் வீட்டுப் படியை மட்டும் மிதிக்கவில்லை. இவ்வாறு 6 ஆண்டுகள் சென்றன. அந்த ஆண்டுகளில் என் தாயார் இரு வீடுகளிலும் மாறி மாறி உண்டார். ஒரு வீட்டில் இருக்கும்போது மற்றொரு வீட்டைப் பற்றிப் பேசாதிருக்கப் பழகிக்கொண்டார். ஐந்தாம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பெட்டியின் இருபுறமும் நாங்கள் இருவரும் நின்றோம். நான் சூடேறக் காத்திருந்த காலமெல்லாம் அந்தப் புகையைச் சுவாசித்தவர் அவரே.

மறு ஆண்டு, மனம் ஆறாமலேயே போனேன். ஒரு பை பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு சென்றேன். "வா" என்றார் அண்ணன். பம்புசெட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினேன். அன்று என் நெஞ்சில் எந்தக் கனிவும் இல்லை. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ போனபோதுதான், எப்போது கரைந்தது என்று அறியாமலே, உள்ளே இருந்த கல் கரைந்திருந்ததைக் கண்டேன்.

மனத்தில் அன்பு இல்லாமல் அன்புச் செயல் செய்வது வெளிவேடமன்றோ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இல்லாத கனிவை இருப்பதாகக் காட்டிப் புகழ் தேடினால் அது வெளிவேடம். கனிவு இல்லை என்பதை அறிந்தும், செய்ய வேண்டியதைச் செய்யப் புறப்படுவது வெளிவேடம் ஆகாது, அது கீழ்ப்படிதல். நீதிச் செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகிறான் என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் கற்பித்தார். பிறருக்கு நன்மையை விரும்புவதே அன்பு என்று 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். விருப்பம் நம் கையில் இருக்கிறது. உணர்ச்சி எப்போதும் நம் கையில் இல்லை. காணிக்கை செலுத்தும் வேளையில் சகோதரனோடு உள்ள மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகுமாறு ஆண்டவர் பணித்தார். மனம் இளகும்வரை பலிபீடத்தருகே நிற்கும்படி அவர் சொல்லவில்லை.

ஆனால் மெல்லப் போக வேண்டும். குளிர்ந்த எஞ்சினை விரட்டுவது போல, முதல் நாளிலேயே கட்டித் தழுவ வேண்டும், பழைய கணக்கையெல்லாம் அன்றே தீர்க்க வேண்டும் என்று முனைந்தால் உறவு மறுபடியும் உரசித் தேயும். ஒரு கணம் செபம். பின்பு சில சொற்கள், சிறிது நேரம். சமவெளியில் மெதுவாக ஓடட்டும். மேடு பின்னர் வரும்.

நற்செய்தியில் குளிர்காய்ந்த ஒருவரைக் காண்கிறோம். இராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த பேதுரு, ஆண்டவர் விசாரிக்கப்பட்ட இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே நின்று தம்மைச் சூடேற்றிக்கொண்டார். அங்கேதான் சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் பின்பு ஏரிக்கரையில் மற்றொரு கரிநெருப்பை மூட்டினார். அது பசித்து வந்தவர்களுக்காக மூட்டிய நெருப்பு. அந்த நெருப்பருகே மும்முறை அன்பை வினவி, ஆடுகளை மேய்க்கும்படி பேதுருவை அனுப்பிவைத்தார்.

எம்மாவு நோக்கி நடந்த இரு சீடர்களையும் நினைப்போம். எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்பர்; கம்பத்திலிருந்து கூடலூருக்குச் செல்வது போன்ற தூரம். உள்ளம் குளிர்ந்துபோய், நம்பிக்கையிழந்தே அவர்கள் புறப்பட்டார்கள். அவர்களுடைய உள்ளம் பற்றியெரிந்தது வழியில்தான். அதுவும், கூட நடந்தவர் யாரென்று அவர்கள் அறியுமுன்பே.

மீண்டும் திருவருகைக் காலம் வருகிறது. குடிலுக்கு வைக்கோல் சேர்ப்போம், பாடல் பயில்வோம், ஒப்புரவு பெறுவோம். இவையெல்லாம் எண்ணெய் பரவுவதற்கான அந்த ஒரு நிமிடம், அது தேவையே. ஆனால் அந்த ஒரு நிமிடம் 6 ஆண்டுகளாய் நீண்டுவிட வேண்டாம். நாம் போக வேண்டிய வீடு எதுவென்று நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். நாம் காத்திருக்கும் நேரத்தில் யாருக்கோ மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. மனம் குளிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, புறப்படுவோம், வழியில் சூடேறும்.