நோன்பும் இன்சுலின் ஊசியும்

 

நம் அலோர் காஜா வியாபாரிகளில் இனிப்பு நீர் உள்ள சிலர், ரமலான் பிறந்ததும் இன்சுலினை ஒதுக்கி வைத்து விடுகிறார்கள். பன்றியிலிருந்து எடுத்தது என்கிறார் ஒருவர். ஊசி நோன்பை முறிக்கும் என்கிறார் மற்றவர்.

முன்னாளில் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது மெய்தான். 1982 முதல் கிருமிகளைக் கொண்டு மனித இன்சுலினை உண்டாக்கி விற்கிறார்கள். 2000-ல் வந்த கிளார்ஜின் என்னும் நீண்ட நேர இன்சுலினும் அவ்வகையே. பட்டினி கிடந்தாலும் ஈரல் இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேயிருக்கும். ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் அதை அடக்குவதே இதன் வேலை. ஆகவே, சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு என்று கேட்பது சரியல்ல.

நோன்பு முறியுமா? உணவுச் சத்து ஏற்றும் ஊசி தவிர மற்ற மருந்தூசிகள் முறிக்கா என 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு சபை தீர்மானித்தது. இப்தார் வேளையில், அளவைச் சற்றுக் குறைத்துப் போடச் சொல்வது டாக்டர்கள் வழக்கம். எவ்வளவு என்பதை ரமலானுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் கேளுங்கள், பக்கத்துக் கடைக்காரரிடமல்ல!

சர்க்கரை 3.9-க்குக் கீழே இறங்கினால், அஸர் கழிந்திருந்தாலும் நோன்பை விட்டுவிடுங்கள். நோயாளி வேறு நாளில் நோற்க அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். வாடிக்கைக்காரர் முன் சீனித் தண்ணீர் குடிக்க வெட்கமானால் கடைக்கு உள்ளே போய்க் குடியுங்கள்.